4016 இனிமே செல்லாதாம்

போன ஞாயித்துக்கெழம குத்தாலத்துல அருமையான சாரல். தென்காசியில பாதி சனம் ஐந்தருவியில தலைய காட்டிக்கிட்டு நிக்கு. நான் எங்கன இருந்தேன்? பதினெட்டு டிகிரி ஏசி ரூமுக்குள்ள, மங்கி குல்லா மாட்டிக்கிட்டு, ரெண்டு இரும்புப் பெட்டிய மொறச்சுப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன்.

சலிச்சுப் போச்சுய்யா.

அந்தப் பெட்டிக்குப் பேரு ஸ்விட்ச்சு. லைட்டு போடுத ஸ்விட்ச்னு நெனச்சிராதீங்க. ஊருக்குள்ள போற இன்டர்நெட்டு லைன் அம்புட்டையும் பிரிச்சு விடுத பெட்டி. சென்னையில ஒரு பெரிய டேட்டா சென்டர்ல ஓடி ஓஞ்சு, செகண்ட் ஹேண்ட்ல எங்க மொதலாளி சுடலைமுத்து அண்ணாச்சி கைக்கு வந்துச்சு. அவுக குடும்பம் காலங்காலமா நெல்லு போட்ட குடும்பம். இவரு மொதல்ல கேபிள் டிவி போட்டாரு, அப்புறம் இன்டர்நெட்டு போட்டாரு, இப்ப 'டேட்டா சென்டர்'னு போர்டு போட்டிருக்காரு. கீழ அரிசிக் கடை, மேல நாங்க.

என்னையத் தெரியும்லா? பாலிடெக்னிக்க ரெண்டாவது வருசத்தோட முடிச்சுக்கிட்டேன். பாலிடெக்னிக்கும் என்னோட முடிச்சுக்கிட்டுது. மத்தபடி கைத்தொழிலு, கைபேசி தொழிலு, இப்ப அண்ணாச்சிகிட்ட நெட்வொர்க்கு பாக்குத வேல... ஓடுது.

இந்த ஸ்விட்ச்சுக்குள்ள வெர்ச்சுவல் நெட்வொர்க்னு ஒண்ணு இருக்கு. பயப்படாதீங்க, சொல்லுதேன். குத்தாலத்துல மெயின் அருவிய பாத்திருப்பீங்கல்லா? விழுத தண்ணி ஒண்ணுதான். பொம்பளைங்க குளிக்க ஒரு பக்கம், ஆம்பளைங்க குளிக்க ஒரு பக்கம்னு நடுவுல கம்பி போட்டுப் பிரிச்சிருக்கும். அங்கன நிக்கவிய இங்கன வர முடியாது. இதுவும் அதான். ஒரே ஸ்விட்ச்சு, ஒரே வயரு. ஆனா லாட்ஜுக்காரருக்கு ஒரு கம்பி, ஸ்கேன் சென்டருக்கு ஒரு கம்பி, டயர் கடைக்கு ஒரு கம்பி. ஒருத்தரு தண்ணி இன்னொருத்தரு மேல தெறிக்காது. என்ன, இந்தக் கம்பி கண்ணுக்குத் தெரியாது. அம்புட்டுதான்.

ஒவ்வொரு கம்பிக்கும் ஒரு நம்பரு குடுக்கணும். ஒண்ணுல இருந்து 4094 வரைக்கும், அங்கங்க கொஞ்சம் போக, எது வேணாலும் குடுக்கலாம். ஒழுங்கான எஞ்சினியரு என்ன செய்வான்? நூறு, நூத்தி ஒண்ணு, நூத்தி ரெண்டுன்னு வரிசையா போட்டுட்டுப் போயிருவான். நான் ஒழுங்கும் கெடையாது, எஞ்சினியரும் கெடையாது.

எங்க ஊர்ல நம்பர்னா ஒரு தனி மரியாதை பாத்துக்கிடுங்க. காரு நம்பரு, பைக்கு நம்பரு, செல்லு நம்பர்ல கடைசி நாலு... மூணும் ஒண்ணா இருக்கணும்னு ஆர்டிஓ ஆபீஸ் வாசல்ல தவங்கெடக்குத ஆளுங்க இருக்காவ. அதனால புது கனெக்சன் குடுக்கப் போனா நான் மொதல்ல கேக்க கேள்வியே இதான்: "அண்ணாச்சி, ஒங்க வண்டி நம்பரு என்ன? அதையே ஒங்க நெட்வொர்க்குக்கும் போட்டு விட்டுருதேன்."

முகம் அப்படியே மலந்துரும். காபி வரும். சில வீட்டுல முறுக்கும் வரும்.

இதுல எங்க அண்ணாச்சிக்கு மட்டும்தான் தீராத வருத்தம். அவுக காரு நம்பரு 7007.

"எடுக்காது அண்ணாச்சி. 4094-தான் லிமிட்டு."

"அப்பம் பெரிய ஸ்விட்ச்சா வாங்குவோம்லே."

"எம்புட்டுப் பெரிசு வாங்குனாலும் இந்த நம்பரு லிமிட்டு இதான்."

"யாருலே இந்த லிமிட்ட வச்சது? நம்பரு வாங்கிக் குடு, நான் பேசுதேன்."

யார்கிட்டய்யா நம்பரு வாங்குவேன்?

சரி, விசயத்துக்கு வாரேன். செல்வராணின்னு ஒருத்தி. இலஞ்சியில பத்தாங்கிளாஸ் வரைக்கும் என் கூடப் படிச்சவ. அதாவது அவ படிச்சா, நான் கூட இருந்தேன். இப்ப மேலகரத்துல எங்க லைன் வாங்கி ஒரு ஆபீஸ் நடத்துதா. இருவத்திரண்டு பொண்ணுங்க உக்காந்து, எங்கனயோ வெளிநாட்டு ஆஸ்பத்திரிக்கு பில்லு விவரம் டைப் அடிக்காவ. சுத்துப்பட்டு ஊர்ல இருந்து டவுன் பஸ்சுல வார பிள்ளைங்க. கல்யாணம் ஆயி, பிள்ளை பெத்து, வெளியூரு வேலைக்குப் போக முடியாதவிய பாதிப் பேரு.

அந்த வெளிநாட்டுக்காரன் முப்பது நாள் ட்ரையல் வச்சிருந்தான். முப்பது நாள்ல மொத்தமா பத்து நிமிசத்துக்கு மேல லைன் கட்டாகக் கூடாது. கட்டாச்சுன்னா வேலை வேற ஊருக்குப் போயிரும், இருவத்திரண்டு பேரும் வீட்டுக்குப் போயிரணும். சாரக் காத்துல ஒரு மரம் சாஞ்சு மூணு நிமிசம் ஏற்கெனவே போச்சு. மிச்சம் ஏழு.

எங்க ஸ்விட்ச்ச அப்கிரேடு செய்ய நாள் குறிச்சது அவளுக்கு இருவத்தொம்பதாவது நாளு. ஆஸ்பத்திரிக்கு ஞாயித்துக்கெழம லீவு உண்டா? அவ ஆபீசும் ஓடுது.

"ஏல மாடா, ரெண்டே ரெண்டு நாள் தள்ளிப் போடக் கூடாதா?"ன்னு முந்தின நாளே கேட்டா.

மாடசாமிங்க பேர அவ ஒரு நாளும் முழுசாச் சொன்னதில்ல.

"முடியாதுட்டி. சப்போர்ட்டு ஆளு பெங்களூர்ல இருந்து போன்ல வாராரு. ஒரு மாசம் முன்னாடி வாங்குன டைமு. இத விட்டா அடுத்த டைமு கெடைக்கதுக்குள்ள சீசன் முடிஞ்சிரும். பழைய சாஃப்ட்வேருக்கு இந்த மாசத்தோட கம்பெனி பொறுப்பு இல்லேன்னுட்டான்."

"என் லைனு போயிராதுல்லா?"

"எங்கிட்ட ரெண்டு ஸ்விட்ச்சு ஜோடியா இருக்குட்டி. ஒண்ணு படுத்தா இன்னொண்ணு தாங்கும். ஒனக்கு ஒரு விநாடி கூட போகாது. நான் இருக்கேம்லா?"

"அதாம்லே பயமா இருக்கு."

ஞாயித்துக்கெழம காலம்பற. சப்போர்ட்டு சார் போன்ல வந்தாரு. நல்ல மனுசன், மெதுவா பேசுதாரு. மொத கேள்வியே வில்லங்கமா கேட்டாரு.

"ரிலீஸ் நோட்ஸ் படிச்சிட்டீங்களா?"

"படிச்சாச்சு சார்."

"முழுசா?"

"முழுசா சார்."

ரிலீஸ் நோட்ஸ்னா, புது சாஃப்ட்வேர்ல என்ன மாறியிருக்கு, எது எதோட ஒத்துப் போகும், எது ஒத்துப் போகாதுன்னு கம்பெனிக்காரன் எழுதி அனுப்புத கொடுமை. இங்கிலீஷ்ல இருக்கும். நான் மொத பக்கத்தப் பாத்தேன். ஸ்விட்ச்சு மாடல் பேரு சரியா இருந்துச்சு. மூடிட்டேன்.

என்னைய திட்டாதீங்க. நீங்க ஒங்க செல்போன்ல 'ஐ அக்ரி'ன்னு அமுக்குனீங்களே... அதுக்கு மேல என்ன எழுதியிருந்துச்சு? படிச்சீங்களா? வீட்ட எழுதி வாங்கியிருந்தாக் கூட நமக்குத் தெரியாது.

பழச விட்டு நேரா புதுசுக்குத் தாவ முடியாதாம். நடுவுல ஒரு வெர்சன்ல எறங்கி, அங்கன இருந்து இன்னொண்ணு ஏறணும். சிவகிரியில இருந்து குத்தாலத்துக்கு வாரவிய தென்காசியில எறங்கி பஸ் மாறுதாப்ல. ஒரு ஸ்விட்ச்சுக்கு ரெண்டு தடவ. ரெண்டு ஸ்விட்ச்சுக்கு நாலு தடவ. ஒவ்வொரு தடவயும் அது படுத்து, முழிச்சு, கொட்டாவி விட்டு எந்திரிக்க இருவது நிமிசத்துக்கு மேல ஆவுது. நான் கூட ஞாயித்துக்கெழமையில சீக்கிரமா எந்திரிப்பேன்.

மொத ஸ்விட்ச்சு முடிஞ்சுது. பச்சை லைட்டா எரியுது. அண்ணாச்சி உளுந்த வடையோட உள்ள வந்தாரு.

"முடிஞ்சிட்டா?"

"பாதி முடிஞ்சிட்டு அண்ணாச்சி."

போன்ல சப்போர்ட்டு சார், "ஒரு தடவை நெட்வொர்க் லிஸ்ட் பாத்துருங்க"ன்னாரு. பாத்தேன். எல்லாம் இருக்கு. மூணு மட்டும் இல்ல. பழசுல ஓடுது, புதுசுல எந்திரிக்கவே மாட்டேங்கு.

ஒண்ணு டயர் கடை. ஞாயித்துக்கெழம லீவு. ரெண்டாவது கல்யாண மண்டபம். ஆடி மாசம், யாரு கல்யாணம் வைப்பா? இந்த ரெண்டையும் பொறவு மாத்திக்கிடலாம். மூணாவது நம்பரு 4016.

செல்வராணி ஸ்கூட்டி நம்பரு.

கையில இருந்த வடை கையிலேயே இருந்துச்சு.

"சார், 4016 எந்திரிக்கல சார்."

"எந்திரிக்காது. 3968-ல இருந்து மேல உள்ள நம்பர் எல்லாம் இந்த வெர்சன் தனக்குன்னு ரிசர்வ் செஞ்சிருக்கும். நமக்குத் தராது. ரிலீஸ் நோட்ஸ்ல இருக்கே... படிச்சேன்னு சொன்னீங்களே?"

"அந்த எடத்துல மட்டும் கரண்டு போயிட்டு சார்."

அவரு சிரிக்கல.

நம்ம லாட்ஜுல கடைசி மாடி ரூம பூட்டி வச்சிருப்பாவ, பாத்திருக்கீங்களா? சீசன்ல ஊரே எடம் இல்லாம வராண்டாவுல படுத்தாலும் அது ஓனரு வீட்டு ஆளுகளுக்குத்தான். அந்தக் கதைதான் இதுவும். பழைய சாஃப்ட்வேர்காரன் பூட்டி வச்சது கொஞ்சம் ரூமு. புதுசு வந்தவன் மாடியையே பூட்டிட்டான். உள்ள ஏற்கெனவே ஆளு தங்கியிருக்கே, ஒரு வார்த்த சொல்லுவோம்னு உண்டா? சொல்லத்தான் செஞ்சிருக்கான். நாந்தான் படிக்கல.

"பழசுக்கே போயிருவோமா சார்?"

"போகலாம். அந்த ஸ்விட்ச்சோட எல்லா செட்டிங்சும் மறுபடி மொதல்ல இருந்து போடணும். பேக்கப் இருக்குல்ல?"

பேக்கப் பத்தி இன்னொரு நாள் அழுவோம்.

"அப்போ அப்படியே விட்டு வைப்போமா சார்? ஒண்ணு புதுசு, ஒண்ணு பழசு?"

"ஜோடியா ஓடுற ரெண்டும் வேற வேற வெர்சன்ல ரொம்ப நேரம் இருக்கக் கூடாது. எப்ப வேணாலும் ஒண்ணுக்கொண்ணு முறைச்சுக்கும். அப்ப ஒருத்தர் லைன் இல்ல, எல்லார் லைனும் போயிரும்."

அண்ணாச்சி கடியாரத்தப் பாத்தாரு. "ஏலே, என்ன யோசன? ரெண்டாவதையும் தட்டு."

"தட்டுனா செல்வராணி ஆபீஸ் லைனு செத்துரும் அண்ணாச்சி. இருவத்திரண்டு பேரு வேல."

"நம்பருதானே? மாத்திக் குடுத்துட்டுத் தட்டு."

மாத்தலாம். ஆனா எங்க பக்கம் மட்டும் மாத்துனா பத்தாது. மேலகரத்துல அவ ஆபீஸ்ல ஒரு சின்ன ஸ்விட்ச்சு இருக்கு, அதுலயும் மாத்தணும். ரெண்டு பக்கமும் ஒரே நம்பரா இருந்தாத்தான் தண்ணி வரும். நான் இங்கன இருந்து கெளம்பிப் போயிட்டா இங்கன யாரு பாக்க? வேற வழி கெடையாது. போன் போட்டேன்.

"செல்வராணி..."

"என்னலே? முழுப் பேரச் சொல்லுத? என்னத்த ஒடச்ச?"

சொன்னேன். நம்பரு ரிசர்வ், புது வெர்சன், எல்லாம். கேட்டுக்கிட்டே இருந்தா. அப்புறம் ஒரே ஒரு கேள்வி.

"இது முன்னாடியே தெரியுமா தெரியாதா?"

"எழுதியிருக்கு. நான் படிக்கல."

நெறைய திட்டுவான்னு நெனச்சேன். திட்டல. பத்தாங்கிளாஸ்ல என் பரீச்சை பேப்பரப் பாத்துட்டு கணக்கு சாரு ஒண்ணுமே பேசாம போனாரே, அந்த மாரி.

"இங்கன இருவத்திரண்டு பேரு உக்காந்திருக்கு மாடா. எனக்கு மிச்சம் ஏழு நிமிசம். என்ன செய்யணும்னு சொல்லு."

அவ ஆபீஸ் கம்ப்யூட்டர்ல அந்தச் சின்ன ஸ்விட்ச்சோட பக்கத்தத் தொறந்தா. புது நம்பரு 116-ஐ சேக்கச் சொன்னேன். பழச விடாம புதுசையும் பக்கத்துல வச்சுக்கிட்டு, அப்புறம் ஒரே அமுக்கா ஆள மாத்திரலாம். இதான் பிளான்.

"சேக்க மாட்டேங்கு. 'லிமிட் ரீச்ட்'னு வருது. பதினாறுக்கு மேல எடம் இல்லையாம்."

எனக்கு தூக்கி வாரிப் போட்டுது. அது சின்னப் பெட்டி, அதுல பதினாறு நெட்வொர்க்குக்குத்தான் எடம். அவளுக்கு வேண்டியது ஒண்ணே ஒண்ணு. மத்த பதினஞ்சும் யாரு போட்டது? வேற யாரு... நாந்தான். கனெக்சன் குடுக்க போன அன்னைக்கு டெஸ்ட் பண்ணுதேன்னு சும்மா போட்டு வெளாடுனது. அழிக்க மறந்துட்டேன்.

"ஒண்ண அழிச்சுட்டு சேத்துக்கோ செல்வராணி."

"எத அழிக்க? பேரு எல்லாம் என்னமோ போட்டிருக்கே..."

"பேரப் படிக்காண்டாம். ஏதாவது ஒண்ண..."

"வேலையில இருக்கத அழிச்சிட்டா? இரு, வாசிக்கேன்." சத்தமா வாசிக்க ஆரம்பிச்சா. ஆபீஸ் முழுக்கக் கேக்குது. எங்க பக்கம் ஸ்பீக்கர்ல அண்ணாச்சிக்கும் கேக்குது. இன்னொரு போன்ல பெங்களூரு சாருக்கும் கேக்குது. "பார்டர் புரோட்டா... நாட்டுக்கோழி... புலியருவி... தேனருவி... அண்ணாச்சி தொப்பை..."

அண்ணாச்சி என்னையப் பாத்தாரு. நான் ஸ்விட்ச்சப் பாத்தேன்.

"...ரவுடி ராணி."

அந்தப் பக்கம் இருவத்திரண்டு பேரும் 'கொல்'லுன்னு சிரிச்சது மேலகரத்துல இருந்து போன் இல்லாமலே கேட்டிருக்கும்.

"ரவுடி இருக்கட்டும்,"ன்னு சொன்னா. "புரோட்டாவ அழிக்கேன்."

அழிச்சா. 116-ஐ சேத்தா. எந்த எந்த பிளக்குன்னு ஒவ்வொண்ணா டிக் அடிச்சா. "அமுக்கட்டா?"ன்னு கேட்டா. அமுக்குன்னேன்.

எல்லா கம்ப்யூட்டரும் நின்னு போச்சு.

நிக்கும், உடனே வந்துரும்னு சொல்லியிருந்தேன். வரல. ஒரு நிமிசம். வரல. அவ பக்கம் சிரிப்பு சுத்தமா அடங்கிட்டு. ரெண்டு நிமிசம். "மாடா?" "இரு, பாக்கேன்." மூணு. எங்கன தப்பு? நம்பரு சரி. வயரு சரி. அண்ணாச்சி எந்திரிச்சு என் பின்னாடி வந்து நின்னாரு. பதினோரு வருசத்துல நான் அவரு மூச்சுச் சத்தம் கேட்டது அன்னைக்குத்தான். நாலு.

"மாடா, இங்கன பிள்ளைக என் மூஞ்சியப் பாக்குதுவ."

போன்ல சப்போர்ட்டு சார் மெதுவா கேட்டாரு. "116-ஐ ரெண்டு ஸ்விட்ச்லயும் போட்டீங்களா?"

போடல. புதுசா எந்திரிச்சதுல மட்டும் போட்டிருக்கேன். அவ லைன இம்புட்டு நேரம் தாங்குனது பழசு. அதுல 116-னா என்னன்னே அதுக்குத் தெரியாது. ஜோடியா ஓடுதது ரெண்டுலயும் ஒரே மாரி இருந்தாத்தான் வழி விடும். இது நான் படிக்காம இருந்தது இல்ல. இது எனக்குத் தெரியும். தெரிஞ்சும் விட்டுட்டேன்.

ரெண்டு தடவ தப்பா அடிச்சேன். ஏசி ரூமுல வேர்க்குது. அஞ்சு நிமிசம். மூணாவது தடவ சரியா விழுந்துச்சு.

போன்ல தூரத்துல ஒரு பொண்ணு குரலு: "அக்கா, வந்துட்டுக்கா!" அதுக்குப் பின்னாடி இன்னொண்ணு. இன்னொண்ணு.

"எம்புட்டு?"ன்னு கேட்டேன்.

"ஆறு நிமிசம்." செல்வராணி கூட்டிப் பாத்துச் சொன்னா. "மூணும் ஆறும் ஒம்போது. ஒரு நிமிசம் மிச்சம் இருக்கு. இதுக்கு மேல ஒண்ணையும் தொட்டுராத. இன்னைக்கு, நாளைக்கு... நீ அந்த ரூமுலேயே இரு."

ரெண்டாவது ஸ்விட்ச்சையும் ஏத்துனோம். ஒரு சத்தம் இல்லாம ஏறிட்டு. அவ லைன மொத ஸ்விட்ச்சு தாங்கிக்கிட்டுது. முடிச்சுட்டு வெளிய வந்தப்போ சாரலும் நின்னுட்டு, வடையும் தீந்துட்டு. அண்ணாச்சி மட்டும் வாசல்ல நின்னு, கண்ணாடிக் கதவுல தன் வயித்த ஒரு பக்கமா திரும்பிப் பாத்துக்கிட்டிருந்தாரு.

அப்கிரேடு அப்கிரேடுங்காவளே... போன்ல வருது, டிவியில வருது, கேஸ் புக் பண்ணுத ஆப்புல வருது. புதுசா என்ன கெடைக்குன்னு எட்டூருக்குத் தண்டோரா போடுதாவ. நாம ஏற்கெனவே வச்சிருந்ததுல எது இனிமே செல்லாதுங்கத மட்டும் உள்ள எங்கனயோ பொடி எழுத்துல போட்டிருக்காவ. அத ஒருத்தன் ஒக்காந்து படிக்கணும். படிக்கதுக்குத்தான் அவனுக்குச் சம்பளம். அந்த ஒருத்தன் நானா இருந்தா என்ன ஆகும்னுதான் மேல எழுதியிருக்கேன்.

திங்கக்கெழம ட்ரையல் முடிஞ்சுது. அந்த ஒரு நிமிசமும் போகல. செவ்வாக்கெழம வெளிநாட்டுக்காரன் ஒரு ஃபாரம் அனுப்பியிருந்தான். அந்த ஆறு நிமிசம் ஏன் போச்சு? இனிமே போகாம இருக்க என்ன செய்வீங்க? யாரு பொறுப்பு? நிரப்பி அனுப்புனா கான்ட்ராக்ட்ல கையெழுத்துப் போடுதேன்னு சொல்லிட்டான்.

செல்வராணி ஃபாரத்த எடுத்துக்கிட்டு நேரா எங்க ஆபீசுக்கு வந்துட்டா. ஸ்கூட்டிய அரிசிக் கடை முன்னாடி நிறுத்திட்டு மாடி ஏறி வாரா.

"மின்னல் அடிச்சிட்டுன்னு எழுதுட்டி,"ன்னேன். "குத்தாலத்து மின்னல் அவனுக்கு எங்கன தெரியப் போவுது?"

"இருவத்திரண்டு பேரு வேலைக்கு பொய்யில அஸ்திவாரம் போடச் சொல்லுதியா?"

உண்மையத்தான் எழுதியிருந்தா. எஞ்சினியரு ரிலீஸ் நோட்ஸ் படிக்கலன்னு ஒரு வரி. இனிமே ஒவ்வொரு அப்கிரேடுக்கும் முன்னாடி முழுசும் படிச்சு, நெட்வொர்க் நம்பரு ஒவ்வொண்ணா சரி பாத்து, எழுதிக் குடுப்பாருன்னு ரெண்டாவது வரி. பொறுப்புங்க எடத்துல என் பேரு. மாடசாமி. மொத தடவையா முழுசா எழுதியிருக்கா.

"எஞ்சினியருன்னு போட்டிருக்க?"

"வேற என்னன்னு போட? கையெழுத்துப் போடுலே."

போட்டேன். அனுப்புனா. வியாழக்கெழம கான்ட்ராக்ட்டு வந்துட்டு, அந்தப் பிள்ளைக ஆபீஸ்ல எல்லாருக்கும் லட்டு குடுத்தாவளாம். எனக்கு லட்டுக்குப் பதிலா வேற ஒண்ணு வந்துச்சு. அடுத்த வெர்சனோட ரிலீஸ் நோட்ஸ். ஜெராக்ஸ் கடையில பிரிண்ட் போட்டு, ஸ்பைரல் பைண்டிங் பண்ணி அனுப்பி விட்டிருக்கா.

முந்நூத்திப் பன்னெண்டு பக்கம். தேடிப் பாத்துட்டேன்... ஒரு படம் கூட இல்லய்யா.